அம்மாவின் இனிஷியல்: காரோ மக்கள் தங்களைப் பற்றிப் பிறரிடம் பேசும்போது

பெங்களூரில் நானும், மேகாலயாவின் காரோ மலையிலுள்ள டூரா நகரத்துப் பக்கம் பிறந்த காரோ தோழி ஒருத்தியும் மூன்று வருடம் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். "எந்த ஊர்?" என்ற கேள்விக்கு அவள் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தாள். ஆட்டோக்காரர் கேட்டால் "அசாம்". அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர் கேட்டால் "மேகாலயா". ஷில்லாங்கிலிருந்து வந்தவர் கேட்டால் "டூரா". டூராவிலிருந்தே யாராவது வந்துவிட்டால் பேச்சு ஊரோடு நிற்காது. அம்மா வீட்டுப் பெயர், பாட்டி பிறந்த கிராமம் என்று இழுத்துக்கொண்டே போய், கடைசியில் இரண்டு பேரும் ஏதோ ஒரு முறையில் சொந்தக்காரர்கள் என்று முடியும். இந்த நாலு பதிலில் அசாம் மட்டும்தான் பொய். "மேகாலயான்னு சொன்னா அது எங்க இருக்கு, நேபாளமான்னு பத்து கேள்வி வரும். அதுக்குள்ள இறங்குற இடம் வந்துடும்" என்பாள்.

அவளோடு இருந்த காலத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. ஒரு காரோ தன்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதைக் கேட்பவர்தான் பாதிக்கு மேல் முடிவு செய்கிறார். டெல்லிக்காரர் ஒரு தவறான எண்ணத்தோடு வருவார், மேகாலயாவின் இன்னொரு பழங்குடியான காசி நண்பர் இன்னொன்றோடு வருவார், வங்காளி நண்பர் மூன்றாவது ஒன்றோடு. முதலில் அதை நகர்த்திவிட்டுத்தான் அவர்கள் தங்கள் கதையைத் தொடங்க முடிகிறது. அப்படி நகர்த்த வேண்டியிருப்பது என்ன, அதற்குப் பின்னால் இருப்பது என்ன என்பதைத்தான் எனக்குத் தெரிந்தவரை இங்கே எழுதுகிறேன்.

பெயர்

'காரோ' என்பது வெளியார் வைத்த பெயர். மலையில் இருப்பவர்கள் தங்களை ஆச்சிக் என்றும், முழுதாகச் சொன்னால் ஆச்சிக் மாந்தே என்றும் சொல்வார்கள். ஆச்சிக் என்றால் மலை, மாந்தே என்றால் மனிதர். எல்லைக்கு அந்தப் பக்கம், பங்களாதேஷின் மைமன்சிங், நேத்ரகோனா, தாங்காயில் பகுதிகளில் வாழ்பவர்கள் தங்களை மாந்தி என்கிறார்கள். சான்றிதழிலும், பட்டியல் பழங்குடி அட்டவணையிலும், கல்வி உதவித்தொகை விண்ணப்பத்திலும் 'காரோ' என்றுதான் இருக்கும். அதனால் அந்தப் பெயரை வெறுக்கவும் முடியாது. தாளில் காரோ, வீட்டில் ஆச்சிக் என்று வாழப் பழகிவிட்டார்கள்.

நான் தமிழில் ஆச்சிக் என்று எழுதுகிறேனே தவிர, அந்த ஒலி இதில் முழுதாக வராது. முதல் 'ஆ'வுக்குப் பிறகு தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்க வேண்டும். அந்த அடைப்புக்கு ராக்கா என்று பெயர். ரோமன் எழுத்தில் எழுதும்போது நடுவே ஒரு புள்ளியோ மேற்கோள் குறியோ போட்டு அதைக் காட்டுவார்கள். நாம் ழகரத்துக்கு அடம்பிடிப்பது போல அவர்கள் ராக்காவுக்கு அடம்பிடிப்பார்கள். என் தோழி இந்த ஒரு ஒலிக்காக என்னை ஒரு வாரம் படுத்தினாள். சரியாக வந்த அன்று டீ வாங்கிக் கொடுத்தாள்.

மொழி திபெத்திய-பர்மியக் குடும்பம், அதிலும் போடோவுக்கு நெருங்கிய உறவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 11.45 லட்சம் பேர் காரோவைத் தாய்மொழி என்று பதிந்திருக்கிறார்கள். அதற்குள்ளேயே ஆவே, ஆம்பேங், மாட்சி, துவால், சிபோக், ரூகா என்று பல வழக்குகள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகள் ஆவே வழக்கை எடுத்து எழுத்து மொழியாக்கினார்கள். புத்தகங்கள் முதலில் வங்காள எழுத்தில் வந்தன, பிறகு ரோமனுக்கு மாறின. அதனால் இன்று வீட்டில் ஆம்பேங் பேசும் பிள்ளை பள்ளியில் ஆவே எழுதுகிறது. நமக்கு இது புதிதில்லை. ஆதோங் பேசுபவர்களின் நிலைதான் வியப்பு. அவர்கள் பேச்சு மற்ற காரோக்களுக்குப் புரியாத அளவுக்கு வேறானது. மொழியியலாளர்கள் அதைத் தனி மொழி என்றே சொல்கிறார்கள். ஆனால் "நீங்கள் யார்?" என்றால் அவர்களும் காரோ என்பார்கள். மொழி தனியாக இருந்தும் அவர்களை உள்ளே வைத்திருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது.

எழுத்தைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. ஜாப்பா ஜாலிம்பா, சுக்பா போங்கிபா என்ற தலைவர்களின் கீழ் முன்னோர்கள் திபெத்திலிருந்து கிளம்பி வந்தார்களாம். தோலில் எழுதிய ஏடுகளும் கையில் இருந்தனவாம். வழியில் பஞ்சம். பசி தாங்காமல் அந்தத் தோலை வேகவைத்துத் தின்றுவிட்டார்களாம். எழுத்து போனது, வயிற்றுக்குள் போனதெல்லாம் கதையாக வாய்வழி வந்தது. தோழி இதை முதலில் சொன்னபோது நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "எழுத்து இல்லாதவங்கன்னு பள்ளிக்கூடத்துல சொன்னப்போ எங்க அம்மா இந்தக் கதையைத்தான் எனக்குச் சொன்னாங்க" என்றாள்.

இனிஷியல்

ஆதோங்காரரையும் ஆம்பேங்காரரையும் ஒன்றாக வைத்திருப்பது மாச்சோங். தாய்வழிக் குலம். அதற்கு மேலே சட்ச்சி என்ற பெரிய பிரிவு. சங்மா, மாராக், மோமின், ஷிரா, ஆரெங் என்பவை அவை. நமக்குத் தெரிந்த காரோ பெயர்கள் பெரும்பாலும் சங்மா, மாராக் என்று முடிவது இதனால்தான். "உங்க ஊர்ல எல்லாரும் சங்மாவா? எல்லாரும் சொந்தமா?" என்பது வெளியூர் நண்பர்கள் முதல் வாரத்தில் கேட்கும் கேள்வி. சங்மா என்பது மிகப் பெரிய வட்டம். ஆள் யார் என்று சொல்வது அதற்கு முன்னால் இருக்கும் எழுத்து.

மக்களவையின் முன்னாள் சபாநாயகர் பி.ஏ.சங்மாவை எடுத்துக்கொள்வோம். 'ஏ' என்பது அகிதோக், அவருடைய மாச்சோங். அவர் மகன், 2018 முதல் மேகாலயா முதல்வராக இருக்கும் கான்ராட் கே.சங்மா. மகள் அகதா கே.சங்மா. இருவருக்கும் 'ஏ' இல்லை. அந்த 'கே' கொங்கல், அவர்கள் அம்மாவின் மாச்சோங். முன்னாள் முதல்வர் முகுல் சங்மாவின் வீட்டில் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். மனைவி திக்காஞ்சி டி.ஷிரா, மகள் மியானி டி.ஷிரா. அப்பா சங்மா, மகள் ஷிரா. வட இந்தியாவில் இந்தப் பெயர்களைப் படிப்பவர் இவர்களைத் தந்தையும் மகளும் என்றே ஊகிக்க மாட்டார். தமிழ் வாசகருக்கு இதைச் சொல்வது சுலபம். நாம் குடும்பப் பெயருக்குப் பதிலாக இனிஷியலோடு திரிகிறவர்கள். நம் இனிஷியல் அப்பாவிடமிருந்து வருகிறது, அவர்களுடையது அம்மாவிடமிருந்து வருகிறது. அவ்வளவுதான்.

ஒரே மாச்சோங்குக்குள் கல்யாணம் கூடவே கூடாது. அப்படிச் செய்பவரை மாதோங் என்பார்கள். தாயையே மணந்தவன் என்பது போன்ற கடுமையான சொல் அது. ஒரே சட்ச்சிக்குள் மணப்பதும் முன்பு தவறாகவே கருதப்பட்டது, இப்போது அது தளர்ந்துவிட்டது. மேலே சொன்ன அகிதோக் சங்மாவும் கொங்கல் சங்மாவும் மணந்ததே அதற்குச் சான்று.

அடுத்து வருவது நம்மவர்களுக்கு உடனே பிடிபடும், மற்றவர்கள் தடுமாறும் இடம். பெற்றோர் தங்கள் மகள்களில் ஒருத்தியை வாரிசாகத் தேர்ந்தெடுப்பார்கள். அவள் நோக்னா. வீடும் சொத்தும் அவள் வழியாகத்தான் தொடரும். அவளுக்கு மாப்பிள்ளையாக வருபவன் நோக்ரோம். மரபுப்படி நோக்ரோம் அவளுடைய அப்பாவின் குலத்திலிருந்து வர வேண்டும். முடிந்தால் அப்பாவின் சொந்த சகோதரி மகனே வர வேண்டும். அத்தை மகன்! டெல்லி நண்பர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் போகிற போக்கை என் தோழி நடித்துக் காட்டுவாள். என்னிடம் சொன்னபோது நான் "முறைப்பையன்தானே" என்றேன். அவள் அரை நிமிடம் என்னையே பார்த்தாள். அதுவரை அவள் யாரிடமும் இதை விளக்கம் இல்லாமல் சொல்லி முடித்ததில்லை.

முறை ஒன்றுபோல் இருந்தாலும் காரணம் வேறு. ஒரு வீடு என்பது இரண்டு மாச்சோங்குகளின் ஒப்பந்தம். சொத்து அம்மாவின் மாச்சோங்குக்கு உரியது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் பொறுப்பும் உரிமையும் அப்பாவின் மாச்சோங்குக்கு. அப்பா வயதாகி ஒதுங்கும்போது, அதே குலத்திலிருந்து இன்னொருவன் அந்த இடத்துக்கு வந்தால்தான் ஒப்பந்தம் அடுத்த தலைமுறைக்குப் போகும். மற்ற மகன்கள் எல்லாம் கல்யாணமாகி மனைவி வீட்டுக்குப் போய்விடுவார்கள். பழைய வழக்கத்தில் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வருவதும் உண்டு. பெண் வீட்டு இளைஞர்கள் போய்ப் பையனைத் தூக்கி வருவார்கள். அவன் தப்பி ஓடலாம். மறுபடி பிடிப்பார்கள். திரும்பத் திரும்ப ஓடினால் அவனுக்கு இஷ்டமில்லை என்று விட்டுவிடுவார்கள். இன்று தேவாலயத்தில் நடக்கும் கல்யாணங்களில் இதெல்லாம் கிடையாது. ஆனால் வெளியூர் நண்பர்கள் கேட்க விரும்புவது பெரும்பாலும் இந்தக் கதையைத்தான், சொல்பவர்களுக்குச் சலித்துப்போன கதையும் இதுதான்.

"அப்போ உங்க ஊர்ல பெண்கள் ராஜ்யமா?" என்ற கேள்வி தவறாமல் வரும். இதற்கு ஆம் என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம், கேட்பவரும் மகிழ்வார். உண்மை வேறு. சொத்து பெண் பெயரில், நிர்வாகம் ஆண் கையில். ஆக்கிங் எனப்படும் குல நிலம் வாரிசுப் பெண்ணின் வழியே வருகிறது, ஆனால் ஆக்கிங் நோக்மா என்று ஊர் அழைப்பது அவள் கணவனைத்தான். அந்தக் கணவனும் தன் இஷ்டத்துக்கு நிலத்தை விற்க முடியாது. மனைவியின் மாச்சோங்கைச் சேர்ந்த ஆண்கள், அவளுடைய மாமன்மாரும் அண்ணன் தம்பிகளும் கூடிப் பேசித்தான் எதையும் முடிவு செய்வார்கள். அவர்களுக்கு ச்ரா என்று பெயர். நம் ஊரில் சீர் தட்டோடு வந்து சபையில் முதல் இடத்தில் உட்காரும் தாய்மாமனுக்கு நிலத்தின் மேலும் சொல் இருந்தால் எப்படி இருக்கும், அதுதான் ச்ரா. பெண்ணுக்கு வேர் இருக்கிறது, வீடு இருக்கிறது, புகுந்த வீடு என்ற துன்பம் இல்லை. இது பெரிய விஷயம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் சபையிலும் அரசியலிலும் பெண்கள் குறைவு என்பதை அவர்களே வருத்தத்தோடு சொல்கிறார்கள். 'பெண்ணாட்சி' என்று நாம் பாராட்டி முடித்துவிட்டால் அந்த வருத்தத்தைச் சொல்ல அவர்களுக்கு இடமில்லாமல் போகிறது.

தாய்வழி முறை தமிழுக்கும் அந்நியமில்லை. மட்டக்களப்புத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி எனப்படும் குலம் இன்றும் தாய்வழியாகவே வருகிறது, வீடு மகளுக்குப் போகிறது. எங்கள் நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் மருமக்கள்வழி இருந்தது, கேரளத்தில் மருமக்கத்தாயம் இருந்தது. கேரளத்தில் அதன் கடைசித் தடத்தை 1975ஆம் ஆண்டுச் சட்டம் துடைத்தது. எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வரும் மலையாளித் தோழி ஒருத்தி இருந்தாள். அவளும் என் தோழியும் 'தறவாடு' என்ற தாய்வழிக் கூட்டுக் குடும்பம் பற்றியும் மாச்சோங் பற்றியும் பேச உட்கார்ந்தால் சோறு ஆறிவிடும். அந்தப் பேச்சில் ஒரு கேள்விதான் கனமாக இருந்தது: "எங்களுக்குப் போயிடுச்சு, உங்களுக்கு எப்படி நிக்குது?" நிலம் குலத்தின் கையில் இருப்பதால் நிற்கிறது, அதற்கு, பழங்குடி மலைப் பகுதிகளுக்குத் தன்னாட்சி தரும் அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணை காவலாக இருப்பதால் நிற்கிறது என்றாள் என் தோழி. காரோ மலைக்கு 1952லிருந்தே தன்னாட்சி மாவட்டக் கவுன்சில் உண்டு.

கலப்புத் திருமணத்தில் இந்த முறை ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. காரோ பெண் வெளியாரை மணந்தால் பிள்ளைக்கு மாச்சோங் இயல்பாகவே கிடைக்கிறது. காரோ ஆண் வெளியூர்ப் பெண்ணை மணந்தால் பிள்ளைக்கு மாச்சோங் இல்லை. அப்பா மலையில் பிறந்து வளர்ந்தவர், பிள்ளையும் ஆச்சிக் பேசும், ஆனால் "உன் மாச்சோங் என்ன?" என்று கேட்டால் பதில் இருக்காது. வெளியூரில் நட்பு காதலாகும்போது பையன்கள் இதை எப்போது, எப்படிச் சொல்வது என்று தவிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஷில்லாங்

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குக் காசி, ஜெயந்தியா, காரோ எல்லாம் ஒன்று. மூவரும் தாய்வழி, மூவரும் மேகாலயா. ஆனால் காசி மொழி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பம், காரோவுக்கும் அதற்கும் உறவே இல்லை. காசியில் கடைசி மகள்தான் வாரிசு, காரோவில் பெற்றோர் எந்த மகளையும் தேர்ந்தெடுக்கலாம். 1972 ஜனவரி 21 அன்று மேகாலயா தனி மாநிலமானபோது இந்த இரண்டு உலகங்களும் ஒரே கூரையின் கீழ் வந்தன. தலைநகர் காசி மலையில் உள்ள ஷில்லாங். நீண்ட காலம் டூராவிலிருந்து சொந்தத் தலைநகருக்குப் போக வேண்டுமானால் மலையிறங்கி, அசாமுக்குள் நுழைந்து, குவஹாத்தி வழியாக மறுபடி மலையேற வேண்டும். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல்.

அதனால் காசி நண்பரோடு பேசும்போது காரோ அடையாளம் பண்பாட்டுப் பேச்சாக இருப்பதில்லை, அது வேலைவாய்ப்புப் பேச்சு. 1972ல் வந்த இடஒதுக்கீட்டுக் கொள்கை அரசு வேலைகளில் காரோவுக்கு 40 சதவீதம், காசி-ஜெயந்தியாவுக்கு 40 சதவீதம், பிற பழங்குடிகளுக்கு 5 சதவீதம் என்று பிரித்தது. 2011 கணக்கின்படி மேகாலயாவில் காசி-ஜெயந்தியா பழங்குடியினர் சுமார் 14.1 லட்சம், காரோ 8.2 லட்சம். எண்ணிக்கை இப்படி இருக்க ஏன் சமபங்கு என்பது காசி இளைஞர்களின் கேள்வி. கல்லூரி, மருத்துவமனை, அலுவலகம் எல்லாம் ஷில்லாங்கில் குவிந்திருக்க, பின்தங்கிய மலைக்கு இந்த ஒன்றும் வேண்டாமா என்பது காரோ இளைஞர்களின் பதில். 2023ல் இது பெரிதாக வெடித்தது. ஒரு காசி சட்டமன்ற உறுப்பினர் காலவரையற்ற உண்ணாவிரதம் இருந்தார், அரசு நிபுணர் குழு அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில் டூராவைக் குளிர்காலத் தலைநகராக்கக் கோரிய போராட்டத்தின்போது டூராவில் உள்ள முதல்வர் அலுவலகத்தின் மீது கல்வீச்சு நடந்தது. அந்த முதல்வரும் காரோதான். இரு தரப்பும் சேர்ந்து நிற்கும் விஷயங்களும் உண்டு. காசி, காரோ மொழிகள் இரண்டையும் அங்கீகரிக்கப்பட்ட மொழிகளின் பட்டியலான அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்று 2018ல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது.

என் தோழிக்கு நெருங்கிய காசித் தோழிகள் உண்டு. கிறிஸ்துமஸுக்கு ஒன்றாகப் பாடுவார்கள். இடஒதுக்கீட்டுப் பேச்சு வந்தால் மட்டும் அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

ஒரே ஆறு, இரண்டு பெயர்

காரோ மலையில் ஓடும் பெரிய ஆறு சிம்சாங். எல்லை தாண்டி பங்களாதேஷின் துர்காபூருக்குள் இறங்கியதும் அதன் பெயர் சோமேஸ்வரி. மக்களும் அப்படித்தான். 1947ல் கோடு போட்டபோது மாச்சோங்குகளின் நடுவே போட்டார்கள். 1964 கலவரத்தின்போது மைமன்சிங் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான மாந்திகள் மலைக்கு ஓடிவந்தார்கள். 1971 போரில் மறுபடி. சிலர் திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை, திரும்பியவர்களில் நிலத்தை இழந்தவர்கள் பலர். 2011ல் காலாய்சாரில் எல்லைச் சந்தை திறந்தபோது இரு பக்கத்து மக்களும் வாரத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் நின்று விற்கவும் வாங்கவும் வழி பிறந்தது.

டாக்காவில் வாழும் மாந்திப் பெண்களில் நிறையப் பேர் அழகு நிலையங்களில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு வங்காளி நண்பர்களோடு பேசும்போது முதலில் எழும் கேள்வி வேறு: நான் இந்த மண்ணின் ஆதிவாசியா இல்லையா? 2011ல் வந்த பதினைந்தாவது அரசியலமைப்புத் திருத்தம் பங்களாதேஷ் மக்கள் தேசிய இனத்தால் வங்காளிகள் என்று எழுதியது. மற்றவர்களைப் பழங்குடிகள், சிறு இனங்கள் என்ற வகையில் குறிப்பிட்டது, ஆதிவாசி என்ற சொல்லை ஏற்கவில்லை. மதுப்பூர் சால் காட்டில் சூழல் பூங்காவுக்காகச் சுவர் எழுப்புவதை எதிர்த்த ஊர்வலத்தில் 2004 ஜனவரி 3 அன்று பிரேன் ஸ்னால் என்ற மாந்தி இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் காட்டில் தலைமுறைகளாக வாழ்பவர்களிடம் "நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள்?" என்று நட்போடு கேட்டாலும் அந்தக் கேள்விக்குள் நிலப் பத்திரத்தின் வாசம் இருக்கிறது. பெங்களூரில் என் தோழியிடம் அதே கேள்வியைக் கேட்டால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். மதுப்பூரில் அந்தக் கேள்வி பயத்தைக் கிளப்பும்.

தேவாலயமும் பறையும்

"கிறிஸ்தவர்னா அப்புறம் என்ன பழங்குடிப் பண்பாடு?" இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தாங்கள் பண்பாட்டுப் பற்றாளர்கள் என்று நினைப்பவர்கள். 1863ல் ஓமேட், ராம்கே என்ற இரண்டு மோமின்கள் குவஹாத்தியில் ஞானஸ்நானம் பெற்றார்கள். இன்று காரோக்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். பழைய நம்பிக்கையைக் கடைப்பிடிப்பவர்களை சோங்சாரெக் என்பார்கள். அவர்கள் இப்போது சிறுபான்மை. தொடக்ககால பாப்டிஸ்ட் சபை அரிசிக் கள்ளான சூவையும், சடங்குப் பறையையும், பழைய ஆட்டங்களையும் விலக்கியது உண்மைதான். ஆனால் மாச்சோங்கைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிப்பவரும் கல்யாணப் பேச்சில் ச்ராக்களைக் கூட்டித்தான் முடிவெடுக்கிறார்.

வாங்காலா அறுவடைத் திருவிழா. மிசி சால்ஜோங் என்ற விளைச்சல் தெய்வத்துக்கு நன்றி சொல்வது. மதம் மாறிய ஊர்களில் அது மங்கிப்போன நிலையில், 1976ல் டூராவுக்கு அருகே அசனாங்கில் நூறு பறை வாங்காலா தொடங்கியது. நீளமான தாமா பறைகளை இளைஞர்கள் கழுத்தில் மாட்டி நிற்க, பெண்கள் நெய்த தக்மந்தா உடுத்தி, தலையில் சேவல் இறகு செருகி வரிசையாக ஆடுவார்கள். அங்கே ஆடுபவர்களில் மிகப் பலர் கிறிஸ்தவர்கள். பங்களாதேஷில் கத்தோலிக்க ஆலயங்களே வாங்காலாவை ஏற்று வழிபாட்டோடு சேர்த்துக் கொண்டாடுகின்றன. இது தூய்மையா கலப்பா என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடமே இல்லை என்று நினைக்கிறேன். வேளாங்கண்ணிக்கு மொட்டை போட்டு நடந்து போகிறவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் விளங்காதது எதுவுமில்லை.

அடுப்பங்கரை

நாக்காம் என்றால் கருவாடு. அதைத் தணலில் லேசாகச் சுட்டு, பச்சை மிளகாயோடு கொதிக்க வைத்து, கடைசியில் ஒரு சிட்டிகை சோடா போடுவார்கள். எண்ணெய் கிடையாது. சோடாவுக்குப் பதில் ஊரில் வாழைத்தண்டைச் சுட்ட சாம்பலிலிருந்து வடித்த காரநீர். இந்த ரசத்துக்கு நாக்காம் பிச்சி என்று பெயர். பன்றி இறைச்சியையும் இதே காரநீரில் எண்ணெயில்லாமல் வேகவைத்தால் காப்பா.

ஒரு ஞாயிறு அவள் நாக்காமைத் தவாவில் சுட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் மேலே வந்து, "என்ன அழுகினதைச் சமைக்கிறீங்க?" என்று வாசலிலேயே நின்று கத்தினார். அவள் சட்டென்று அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிட்டாள். நான் குறுக்கே போய், "என் கருவாடு சார், நாகர்கோவில்லேர்ந்து அம்மா அனுப்பினது" என்றேன். "ஓ, மீனா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதே தவா, அதே வாசம். சாப்பிடும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்: "நீ சொன்னா மீன். நான் சொன்னா நாயோ, தவளையோ, வேற ஏதோ."

வடகிழக்கு மக்கள் நகரங்களில் சந்திக்கும் பாகுபாடு பற்றி 2014ல் பெஸ்பருவா குழு அரசுக்கு அறிக்கை கொடுத்தது. 2012 ஆகஸ்டில் வதந்திக்குப் பயந்து பெங்களூரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் குவஹாத்திக்கு ரயிலேறியதும் நாட்டுக்கே தெரிந்த செய்தி. ஆனால் அவள் வீட்டில் அடுப்பை அணைத்த அந்த வேகம்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அது பல வருடப் பழக்கம். அப்படிப் பழகிய ஒருவர் நட்பில் தன்னைப் பற்றி எதை முதலில் சொல்வார்? கேட்பவர் சிரிக்காத ஒன்றைத்தான். பறை, நடனம், அழகான உடை. கருவாடும் மாமன்மாரும் நிலத் தகராறும் வெளியே வர நாளாகும். 1872ல் வெள்ளையரை எதிர்த்து விழுந்த பா தோகன் சங்மாவைப் பற்றி, அவர் நினைவாக டிசம்பர் 12 மேகாலயாவில் விடுமுறை என்பதைப் பற்றி, அவள் என்னிடம் பேசியது இரண்டாவது வருடத்தில்தான். நான் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பாள். "தவளை சாப்பிடுவீங்களா?" என்று கேட்கிறவர்கள் ஆயிரம் பேர், "உங்க ஊர்ல நிலம் யார் பேர்ல இருக்கும்?" என்று கேட்டவர்கள் அந்த வீட்டில் நானும் மலையாளித் தோழியும் மட்டும்தான்.

கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு ஓர் இரவு அவள் பால்பாக்ரம் பற்றிச் சொன்னாள். காரோ மலையின் தென்கோடியில் பள்ளத்தாக்குகள் சூழ்ந்த பீடபூமி, இப்போது தேசியப் பூங்கா. சோங்சாரெக் நம்பிக்கைப்படி இறந்தவர்களின் ஆவிகள் அங்கேதான் போய்த் தங்கும். பிறகு மறுபடி பிறக்கும். நல்லபடியாக வாழ்ந்தவர்கள் அதே மாச்சோங்கில் பிறப்பார்கள். அதைவிடப் பெரிய ஆசை கிடையாது என்றாள். அவள் பாப்டிஸ்ட், மறுபிறவியை நம்பாதவள். ஆனாலும் "பாட்டி அதைத்தான் வேண்டிக்கிட்டாங்க" என்று சொல்லும்போது குரல் மாறியது. அப்புறம் என்னைப் பார்த்து, "உன் மாச்சோங் என்ன?" என்றாள்.

எனக்கு அம்மாவின் அம்மா வரை தெரியும். அதற்கு மேல் தெரியாது. அம்மாவுக்குப் போன் போட்டேன். இந்த நேரத்தில் எதற்கு என்று பதறிவிட்டு, யோசித்து, "பாட்டியோட அம்மா பேரா? பேரு தெரியலையே மக்களே. எல்லாரும் வடசேரிக்காரின்னுதான் கூப்பிடுவாங்க. அவ அம்மை வீடு அங்கதான்" என்றார்.

அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். வடசேரி என்ற சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் போனில் என் பெயருக்கு முன்னால் 'வி' என்ற இனிஷியல் இருக்கிறது. என் சான்றிதழ்களில் இருப்பது 'எஸ்', அப்பாவுடையது.